தங்கும் இல்லத்தில் ஏழு வருடம்: சென்னைக் குடும்பங்களின் பயன்பாட்டு அனுபவம்

தாம்பரத்துக்கு அப்பால், கேளம்பாக்கம், திருப்போரூர், ஈ.சி.ஆர். பக்கம் உள்ள இல்லங்களில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் சில குடும்பங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். பிள்ளைகள் என்று வாய் சொன்னாலும் எல்லோரும் முப்பது வயதை ஒட்டியவர்கள். மிதமான அல்லது கடுமையான அறிவுசார் குறைபாடு. சிலருக்கு ஃபிட்ஸும் உண்டு. எந்த இல்லத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லும் குறைகள் நல்ல பெயர் எடுத்த இடங்களிலும் இருக்கின்றன.

சேர்க்கும்போது எல்லோரும் கட்டடத்தையும் தோட்டத்தையும் தெரபி அறையையும் பார்க்கிறார்கள். அதெல்லாம் மூன்று மாதத்தில் மறந்துபோகும். வருடங்கள் கடந்தும் ஓர் இல்லத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: ராத்திரி யார் விழித்திருக்கிறார், அவர் கையில் உள்ள நோட்டில் என்ன எழுதியிருக்கிறது.

"நைட் டியூட்டிக்கு எத்தனை பேர்?" என்று கேட்டால் "ரெண்டு பேர் இருக்காங்க" என்பார்கள். அவர்கள் தூங்குவார்களா என்பது அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். "படுத்திருப்பாங்க, கூப்பிட்டா எழுந்திருப்பாங்க" என்ற பதில், கூப்பிடத் தெரியாதவர்களுக்கு உதவாது. ஃபிட்ஸ் தூக்கத்திலும் வரும். குப்புறப் படுத்தபடி வந்தால் சத்தமே இருக்காது. ஒருவராவது விழித்திருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுற்றி வந்து, நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தை வாங்கிப் பாருங்கள். 10, 12, 2, 4 என்று எல்லா மணிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால், விடிந்த பிறகு உட்கார்ந்து மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள்.

சாவியையும் அங்கேயே கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை பற்றி எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். அவர்கள் மனநோய்க்காக அங்கே விடப்பட்டவர்கள் என்றாலும், ராத்திரி பூட்டிய கிரில் கேட் எங்கே இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான். சாவி நைட் டியூட்டியில் இருப்பவரின் இடுப்பில் இருக்க வேண்டும். மேனேஜர் வீட்டுக்குப் போன பிறகு ஆபீஸ் டிராயரில் கிடக்கும் சாவியால் பயனில்லை.

மாத்திரை விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. விழுங்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்துவிடுவார்கள். இதில் இரண்டு கோளாறு உண்டு. பாதித் தட்டு சாதம் மிச்சமானால் பாதி மருந்தும் அதோடு போகிறது. இன்னொன்று இதைவிட மோசம்: வால்ப்ரோயேட் போன்ற சில ஃபிட்ஸ் மருந்துகள் மெதுவாகக் கரையும் வகையிலும், சி.ஆர். என்ற எழுத்தோடு வரும். அதைப் பொடித்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். காலையில் தள்ளாட்டம், தூக்கம், வாந்தி. அடுத்த டோஸுக்கு முன்பே மருந்தின் அளவு குறைந்து ஃபிட்ஸ். 'மாத்திரை ஒழுங்காத்தான் குடுக்கிறோம்' என்று அவர்கள் சொல்வதும் உண்மை, ஃபிட்ஸ் வருவதும் உண்மை. விழுங்க முடியாதவருக்கு சிரப்பாக மாற்றித் தர டாக்டரிடம் கேளுங்கள். பொடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன மாத்திரையை ஒரே ஒரு ஸ்பூன் தயிரிலோ மசித்த வாழைப்பழத்திலோ முதலில் கொடுத்துவிட்டு, பிறகு சாப்பாடு வைக்க வேண்டும். பேப்பரில் மடித்துத் தரும் மருந்தை ஏற்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற ஸ்ட்ரிப்பாகவே இருக்கட்டும்.

ஃபிட்ஸ் வந்தால் கையில் சாவிக்கொத்து திணிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பல்லுக்கு நடுவே ஸ்பூன் வைத்துப் பல் உடைந்த கதைகளும் உண்டு. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக் கொடுத்த மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே, 108. அந்த ஸ்ப்ரே எந்த அலமாரியில் இருக்கிறது, அலமாரி பூட்டா, பகலில் இருப்பவருக்கும் ராத்திரி இருப்பவருக்கும் அடிக்கத் தெரியுமா என்று நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மலச்சிக்கலைப் பற்றி எந்த அட்மிஷன் பேச்சிலும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் திடீர்க் கோபம், தலையைச் சுவரில் இடிப்பது, சாப்பாட்டைத் தள்ளுவது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். படுக்கை நனையக் கூடாது என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். கத்திரி வெயிலில் சிறுநீர் கடும் மஞ்சளாகும், மலம் இறுகும். கோபத்தை அடக்கத் தரும் ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகளும் அதைக் கூட்டும். இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராக ஒழுகுவதைப் பார்த்துவிட்டு 'லூஸ் மோஷன்' என்று பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒவ்வொருவருக்கும் ஒரு மோஷன் சார்ட் வேண்டும்: தேதி, போனாரா, கெட்டியா இளக்கமா. மூன்று நாள் கட்டம் காலியாக இருந்தால் நான்காம் நாள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தண்ணீரை இரவில் குறைப்பதற்குப் பதிலாகக் காலை முதல் மாலைக்குள் ஒன்றரை லிட்டர் குடிக்க வைத்து, படுக்கும் முன்பும் நடுராத்திரியில் ஒரு தடவையும் பாத்ரூம் கூட்டிப் போனால் படுக்கை நனைவதும் குறையும்.

கேர்டேக்கர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. வெளி மாநிலத்திலிருந்து வருபவர்களுக்குத் தமிழும் தெரியாது. அதனால் பிள்ளையின் பேச்சு, சைகை, சாப்பாட்டு முறையை ஒரு பக்கத்தில் எழுதி, லேமினேட் செய்து, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 'மம்மு' என்றால் சோறு. 'ஆத்தா' என்றால் தண்ணீர். காதைத் தட்டினால் பல் வலி. சட்டைப் பொத்தானைத் திருகினால் பாத்ரூம் போகணும். இட்லியை சாம்பாரில் ஊற வைத்துத்தான் தர வேண்டும், தோசை ஓரம், வேர்க்கடலை கூடாது, நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்ட வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நாங்கள் பார்த்தவரை, இந்த ஒரு தாள் இருக்கும் இடத்தில் புது ஆள் ஒரு வாரத்தில் பழகிவிடுகிறார். இல்லாத இடத்தில் இரண்டு மாதம் 'பிஹேவியர் பிராப்ளம்' என்று போன் வந்துகொண்டே இருக்கும்.

சிரங்கு வந்தால் ஒருவருக்கு மட்டும் மருந்து பூசி ஒரு பலனும் இல்லை. அந்த அறையில் இருப்பவர்கள், ஊழியர்கள் எல்லோரும் ஒரே ராத்திரி பெர்மெத்ரின் என்ற சிரங்கு மருந்தைப் பூச வேண்டும், ஏழு நாள் கழித்து மறுபடியும். துணி, போர்வையெல்லாம் வெந்நீரில். டவலில் பெயர் தைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாயைச் சமாளிக்க முடியவில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்லும் இடங்கள் உண்டு. நோய் எதுவும் இல்லாதபோது அப்படிச் செய்வது அந்தப் பெண்ணின் உடலுக்குச் செய்யும் அநியாயம். பீரியட் பேன்டீஸ், நாள் குறித்த காலண்டர், பெண் ஊழியரின் பொறுமை ஆகியவற்றால் சமாளிக்கலாம். இதை முடியாது என்று சொல்லும் இல்லத்தை விட்டு வந்துவிடுங்கள்.

மழைக்காலத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. ஏழு நாள் மருந்து, டயாப்பர், குடிதண்ணீர் இருப்பில் உண்டா, நடக்க முடியாதவர்களை மாடிக்கு யார் தூக்குவார்கள்?

கட்டணத்தில் எது அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். டயாப்பர் ஒரு நாளைக்கு நாலு என்றால் மாதம் 120. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கும் ஆளைப் பெரும்பாலும் குடும்பத்தையே அனுப்பச் சொல்வார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிரமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை இல்லாமல் கிடைக்கும்; வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் நம் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருப்பதால் ஓ.பி. பில்களைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். பதினெட்டு வயது முடிந்த பிறகு பெற்றோர் தானாகச் சட்டப்படிக் காப்பாளர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்து நியமனம் வாங்க வேண்டும். அப்பா அம்மா இருவரும் அறுபதைத் தாண்டும் முன்பே, அடுத்து யார் என்பதை அண்ணன் தங்கையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மாதம் ஒரு தடவை சொல்லாமல் போய்ப் பாருங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு. எடையைக் கேளுங்கள்: ஐம்பது கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால் பல், விழுங்குவது, தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டு பரிசோதனை வருடம் ஒரு தடவை கட்டாயம்.

லீவுக்கு வீட்டுக்கு அழைத்து வரும்போது நோட்டின் கடைசி ஒரு வாரப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை திரும்பக் கொண்டுபோய் விடும்போது நாமும் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும்: கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு, கடைசி மோஷன் என்றைக்கு, வீட்டில் புதிதாக என்ன சாப்பிட்டார், எங்கேயாவது விழுந்தாரா. பிள்ளையை விடும் அவசரத்தில் இதை எழுதாமல் கிளம்பும் குடும்பங்கள்தான் அதிகம்.