குதுபா, பல்ஸ்வாவா? டெல்லியில் கையைக் கடிக்காமல் கோல்ஃப் ஆட எது தேவலை

போன வாரம் ஆபீஸ் தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணா, நானும் ஆட ஆரம்பிச்சுட்டேன். குதுப் போறதா, பல்ஸ்வா போறதா? எதை நல்லா வெச்சிருக்காங்க?" கேட்டது ஒரே வரிதான். ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலில் பதில் சொல்ல ஆரம்பித்தேன், முனீர்கா வரை நடந்தும் முடியவில்லை. சரி, எழுதியே விடலாம், அவனைப் போல யோசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில், ஏன் இந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். லோதி காலத்துக் கல்லறைகளுக்கு நடுவே இருக்கிற டெல்லி கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராக விண்ணப்பம் போட்டால் பல பத்தாண்டுகள் வரிசையில் நிற்க வேண்டும். ராணுவ மைதானங்களுக்கு வீட்டில் யாராவது அந்தச் சீருடையில் இருந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரன் அன்றன்றைக்குப் பணம் கட்டி உள்ளே போய் ஆடிவிட்டு வர, டெல்லி வளர்ச்சி ஆணையம், அதாவது டி.டி.ஏ., நடத்துகிற மைதானங்கள்தான் வழி. தெற்கே லாடோ சராயில் இருக்கிற குதுப் கோல்ஃப் மைதானம் 2000-ஆம் ஆண்டில் திறந்தது. 18 ஹோல், அதாவது பந்தைப் போட வேண்டிய 18 குழி, நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம் என்ற பெயரும் அதற்குத்தான். வடக்கே, ஜஹாங்கீர்புரி தாண்டி, லாட வடிவ ஏரிக்கரையில் பல்ஸ்வா. இரண்டுமே மெட்ரோவின் மஞ்சள் தடத்தில்தான் வரும், ஒன்று இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி.

எல்லோரும் மைதானத்தை ஒப்பிடும்போது புல்லில் ஆரம்பிப்பார்கள். நான் மண்ணில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பராமரிப்பில் பாதியை மண்ணே முடிவு செய்துவிடுகிறது. குதுப் பக்கம் ஆரவல்லி மலைத்தொடரின் வால். மேடும் பள்ளமுமான நிலம், கீழே பாறை, மேலே மெல்லிய மண், சுற்றிலும் நம் ராமநாதபுரத்தில் பார்க்கிற அதே சீமைக் கருவேலம். இங்கே அதை விலாயதி கீக்கர் என்பார்கள். பல்ஸ்வா பக்கம் நேர் எதிர். யமுனை ஒரு காலத்தில் ஓடி, வளைந்து, விட்டுவிட்டுப் போன இடம் அந்த ஏரி, ஆகவே சுற்றுப்புறம் முழுக்க வண்டல், தட்டையான வெளி, தோண்டினால் சீக்கிரம் நீர். டெல்லியில் வருஷத்துக்குச் சுமாராக 75 சென்டிமீட்டர் மழை, அதில் முக்கால்வாசி ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மழை சரிவான பாறை நிலத்தில் விழுந்தால் மறுநாள் ஆடலாம். வண்டலில் விழுந்தால் உள்ளே இறங்க இடமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும், காலணி சொத சொதவென்று புதையும், பந்து விழுந்த இடத்திலேயே சேற்றில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மாலியை, அதாவது தோட்டக்காரரை, திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இதே கணக்கு மழைக்கு அப்புறம் தலைகீழாகும். அக்டோபர் பாதிக்கு மேல், தீபாவளிக்கு முன்னும் பின்னும், வண்டல் மண் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கிறபோது பேர்வேயில், அதாவது குழியை நோக்கிப் போகிற புல்வெளியில், புல் நெருக்கமாக நிற்கும். பந்து தரையில் படாமல் புல் நுனிமேல் உட்கார்ந்திருக்கும், இரும்பு மட்டையில் அடிக்கும்போது கையில் ஒரு மெத்தென்ற உணர்வு வரும். பாறை நிலமோ அதற்குள் காய ஆரம்பித்துவிடும். மண் மெல்லிய இடத்தில் ஓங்கி அடித்தால் கல்லில் பட்டு மணிக்கட்டு வரை அதிரும். புதிதாக நல்ல இரும்பு மட்டை வாங்கியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிறம். இங்கேதான் தம்பியோடு எனக்குக் கொஞ்சம் வாக்குவாதம். அவன் ஜனவரியில் ஒரு மைதானத்தைப் பார்த்துவிட்டு, "புல்லெல்லாம் செத்துப்போச்சுண்ணா, தண்ணியே விடறதில்ல போல" என்றான். சாகவில்லை, தூங்குகிறது. வட இந்தியாவில் பெரும்பாலும் வளர்ப்பது பெர்முடா புல். வெளிநாட்டுப் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பிள்ளையாருக்கு மாலை கட்டுகிற நம் அறுகம்புல்தான், இங்கத்திய மாலிகள் தூப் என்பார்கள். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரையில், போடுவது அதிலேயே குள்ளமான கலப்பின வகை. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் இதற்குக் கொண்டாட்டம், மண்ணின் சூடு 10 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் நிறத்தை விட்டுவிட்டு வேரில் உயிரை வைத்துக்கொண்டு படுத்துவிடும். அருகுபோல் வேரோடி வாழ்க என்று கல்யாணத்தில் சும்மாவா வாழ்த்தினார்கள்? மார்ச்சில் தானாக எழுந்துவரும்.

இந்தப் பழுப்பைப் பார்க்கச் சகிக்காமல், அக்டோபர் கடைசியில் ரை புல் விதையைப் பழைய புல்லின் மேலேயே தூவுகிற வழக்கம் உண்டு. குளிர்காலம் முழுக்கக் கண்ணைப் பறிக்கிற பச்சை. பணமிருக்கிற கிளப்புகள் செய்யட்டும். கட்டணம் குறைந்த பொது மைதானம் பேர்வே முழுக்க இதைச் செய்தால் எனக்கு வருத்தம்தான் வரும். விதைக்குச் செலவு, முளைக்கத் தினமும் தண்ணீர், வாரம் இரண்டு முறை வெட்ட டீசல். ஏப்ரலில் வெயில் ஏறி ரை புல் காயும்போது, அடியில் இருக்கிற அறுகுக்கு வெளிச்சம் கிடைக்காமல் அது எழுந்திருக்கவும் தாமதமாகும். அந்தப் பணத்தில் கிரீனுக்கு நல்ல மணல் வாங்கலாம், புல் வெட்டுகிற மோவரின் பிளேடைத் தீட்டலாம். முதல் அடி அடிக்கிற டீ மேடையிலும் கிரீனிலும் மட்டும் ரை போட்டுவிட்டு, பேர்வேயைத் தூங்கவிட்டால் போதும். பழுப்புப் புல்லில் பந்து இன்னும் இருபது கஜம் கூடுதலாக உருளும், அதில் என்ன குறை?

ஆகவே குதுபோ, பல்ஸ்வாவோ, வேறு எதுவோ, போய் இறங்கினதும் தூரத்தில் தெரிகிற பச்சையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் கிரீனில் முழங்காலிட்டுப் பாருங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். விடிகாலைப் பனி இன்னும் போகாத நேரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துவேன். நல்ல கிரீன் கெட்டியாக இருந்துகொண்டே கொஞ்சம் கொடுக்கும். பஞ்சு மாதிரி அமுங்கினால் பழைய புல்லின் சக்கை அடியில் மண்டிக் கிடக்கிறது, மணல் போட்டு நாளாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஒரே ஒரு இலையைக் கிள்ளி நுனியைப் பார்ப்பேன். கத்தியால் வெட்டின மாதிரி நேராக இருந்தால் பிளேடு கூர்மை. நார் நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தால் மழுங்கின பிளேடு இலையை வெட்டாமல் இழுத்துப் பிய்த்திருக்கிறது. அந்தக் காயம் வழியாகத்தான் நோய் வரும். கடைசியாகக் குழி. 108 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சின்ன வட்டத்தின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். நேற்றோ முந்தாநாளோ வெட்டின குழி என்றால், சுற்றி மிதித்த கால்களால் தரை தாழ்ந்து, விளிம்பு எரிமலை வாய் மாதிரி லேசாக மேடாகியிருக்கும். நேராக வருகிற பந்து கடைசி ஓரடியில் விலகிப் போவது அதனால்தான். குழியைத் தினமும் இடம் மாற்றி வெட்ட வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை, காலையில் ஒரு ஆள் எழுந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

பொது மைதானத்துக்கு ஏன் இது இன்னும் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரை பத்து நிமிஷத்துக்கு ஒரு குழு போனால் 36 குழு. குழுவுக்கு நாலு ஆட்டக்காரர், மட்டைப் பை தூக்குகிற நாலு கேடி என்றால் 288 பேர் ஒவ்வொரு கிரீனையும் மிதிக்கிறார்கள். கிளப்பில் அதே கிரீனுக்கு அதில் பாதிக் கூட்டம்கூட வராத நாட்கள் உண்டு. மிதிபட மிதிபட மண் இறுகும், வேருக்குக் காற்று போகாது. அதனால் வருஷத்தில் ஓரிரு முறை பென்சில் கனத்துக்கு ஓட்டை போட்டு, மண்ணை எடுத்துவிட்டு, மணலை நிரப்ப வேண்டியிருக்கிறது. கிரீன் இரண்டு மூன்று வாரத்துக்கு அம்மைத் தழும்பு மாதிரி கிடக்கும். ஆட எரிச்சலாக இருக்கும்தான். ஆனால் ஓட்டை போட்ட கிரீனைப் பார்த்தால் அந்த மைதானத்தில் யாரோ அக்கறையோடு இருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுங்கள்.

அதையும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும், வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு மைதானம், பெயர் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் நவம்பர் கடைசி ஞாயிறு, மயூர் விஹார் நண்பரோடு இருட்டில் கிளம்பி, முழு வார இறுதிக் கட்டணம் கட்டி உள்ளே போனால் இரண்டாவது ஹோலிலிருந்து வரிசையாக ஐந்து கிரீன் முந்தின நாள்தான் ஓட்டை போட்டு மணல் மூடிக் கிடந்தன. பணம் வாங்கினவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு பலகைகூட இல்லை. எனக்குக் கோபம் பணத்துக்காக மட்டும் வரவில்லை. அறுகு தூங்கப் போகிற நேரத்தில் அதைக் குத்திப் போட்டால் காயம் மூட மார்ச் வரை ஆகும். மே, ஜூனில் செய்திருந்தால் மூன்று வாரத்தில் மூடியிருக்கும். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கே பட்டிங் ஆடியவர்களை, அதாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டியவர்களை, நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. போகும் முன் போன் போட்டு, "இந்த வாரம் கிரீனில் வேலை ஏதும் நடக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு போங்கள். நேர்மையாகப் பதில் சொல்கிற இடம் எதுவோ, அதற்கு என் ஓட்டு.

இப்போது தம்பியின் கேள்விக்கு நேராக. மழைக்காலத்தில் குதுப், யோசிக்கவே வேண்டாம், சரிவில் தண்ணீர் ஓடிவிடும். அந்த மாதங்களில் எங்கேயும் கோரை முளைக்கும். அடியில் கிழங்கு வைத்திருக்கிற கோரையை மேலே வெட்டி ஒன்றும் ஆகாது, பேர்வேயில் அது அங்கங்கே தலை தூக்கினால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கிரீனில் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அக்டோபர், நவம்பரில் என் ஓட்டு பல்ஸ்வாவுக்கு, மேலே சொன்ன அந்தப் புல்லுக்காக. தட்டையான நடை, வயதானவர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் உகந்தது. மரம் குறைவு, காற்று அதிகம், ஆகவே தாழ்வாக அடிக்கப் பழகலாம். ஒன்றை மறைக்க முடியாது, பக்கத்திலேயே பல்ஸ்வா குப்பை மலை. 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்து நாட்கணக்கில் புகைந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு போங்கள், ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் மறுபடியும் குதுப். ஏரிக்கரையில் பனிமூட்டம் கலைய நேரமாகும், மேட்டு நிலத்தில் கொஞ்சம் சீக்கிரம் கண் தெரியும். மரங்களுக்கு மேலே குதுப் மினார் மெல்ல வெளியே வருகிற அந்தக் காலை நேரத்துக்காகவே நான் சாகேத் பக்கம் போகத் தயார். மே, ஜூனில் நிழலுக்காக அதே குதுப், ஆனால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சிரி கோட்டை வளாகத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது பந்தை அடித்துப் பழகுகிற ரேஞ்சுக்கும் குட்டி ஆட்டத்துக்கும் நல்ல இடம், ஆபீஸ் முடிந்து ஒரு மணி நேரம் கிடைத்தால் போகலாம். இந்த இரண்டுக்கும் போட்டி என்று சொல்ல மாட்டேன்.

நம் பங்கும் இருக்கிறது. கிரீனில் பந்து விழுந்து குத்தின பள்ளத்தை அப்போதே சரிசெய்தால் ஒரு நாளில் மூடும், விட்டுவிட்டால் வாரக்கணக்கில் ஆகும். பள்ளத்தின் ஓரத்தில், பந்தை ஏற்றி வைக்கிற டீ குச்சியைச் சாய்வாகக் குத்தி, மண்ணை நடுவை நோக்கித் தள்ள வேண்டும். கீழிருந்து மேலே நெம்பக் கூடாது, நெம்பினால் வேர் அறுந்துவிடும். அப்புறம் பட்டரால், அதாவது பந்தை உருட்டுகிற மட்டையால், லேசாகத் தட்டினால் போதும். பத்து வினாடி வேலை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது லாடோ சராயில் ஒரு வயதான கேடி. நான் பள்ளத்தைத் தாண்டிப் போனபோது ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, என் பள்ளத்தோடு பக்கத்தில் இருந்த இரண்டையும் சேர்த்து மூடிவிட்டு எழுந்தார்.

இந்த ஞாயிறு தம்பியைப் பல்ஸ்வாவுக்குக் கூட்டிப் போகிறேன். ஜஹாங்கீர்புரி ஸ்டேஷன் வாசலில் ஆறேகாலுக்கு நிற்கச் சொல்லியிருக்கிறேன். டீ குச்சி நாலைந்து கூடுதலாக எடுத்து வரச் சொன்னேன், அடிக்க இரண்டு போதும், மீதி கிரீனுக்கு.