ஓய்வுக்குப் பின் மீண்டும் கோல்ஃப்: நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய மட்டைகளைப் பற்றி

தேயிலைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று, கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்த பிறகு பழைய கோல்ஃப் பையை மீண்டும் திறந்தபோது எனக்கு வயது 62. இளமையில் நுவரெலியாவில் பழகிய விளையாட்டு இது. இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மட்டையைத் தொடவில்லை. பைக்குள் கனமான எஃகுத் தண்டுகள் கொண்ட அயர்ன்களும் (எண்ணிட்ட உலோகத் தலை மட்டைகள்), நெடுந்தூர முதல் அடிக்கான, மரத்தலை கொண்ட ஒரு டிரைவரும் இருந்தன. அவற்றைக் கொண்டே பொரளையிலுள்ள ரிட்ஜ்வே மைதானத்தில் இரண்டு மாதங்கள் விளையாடியதில் வலது முழங்கையின் உட்புறத்தில் வலி பிடித்துக்கொண்டது. ஆறு வாரங்கள் ஓய்வெடுக்குமாறு மருத்துவர் கூறிவிட்டார்.

அதன்பின் நான் செய்த முதல் தவறு, விற்பனையாளர் ஒருவரின் பேச்சை நம்பி, மட்டை முகத்தில் 9 பாகைச் சாய்வும் விறைப்பான தண்டும் கொண்ட டிரைவரை வாங்கியது. இளமையில் நான் அடித்த தூரத்தை அவரிடம் சொன்னேன். அதற்கேற்ற மட்டையை அவர் எடுத்துத் தந்தார். நுவரெலியா மைதானம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால், அதே அடிக்குப் பந்து கொழும்பில் செல்வதைவிடக் கூடுதல் தூரம் செல்லும். நான் பெருமையோடு நினைவில் வைத்திருந்த தூரத்தில் ஒரு பகுதி மலைக்காற்று தந்தது என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. புதிய டிரைவரில் பந்து எழும்பாமல் தாழ்ந்து பறந்து வலப்புறம் விலகிக்கொண்டே இருந்தது. நான்கு மாதங்களில் அதை விற்றுவிட்டேன்.

சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அங்கே ஒரு கடையில் கருவியை வைத்து என் அடியின் வேகத்தை அளந்தார்கள். டிரைவரின் தலை மணிக்கு 78 மைல் வேகத்தில்தான் செல்கிறது என்று தெரிந்தது. அந்த வேகத்துக்கு எளிதில் வளையும் சீனியர் வகைத் தண்டும் 12 பாகைச் சாய்வுமே பொருந்தும் என்றார்கள். அன்று வாங்கிய டிரைவரையே நான்கு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். வேகம் குறைந்த அடியில் பந்து தானாக உயரே எழாது. மட்டையின் சாய்வுதான் அதைத் தூக்கிவிட வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள மனம் முதலில் மறுக்கும், ஆனால் பந்து வானில் நின்று மெதுவாக இறங்குவதை ஒருமுறை கண்டபின் அந்தத் தயக்கம் போய்விடும்.

அயர்ன்களை மாற்றுகிறவர்கள் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் பார்க்காமல், பாகையையும் கேட்டறிய வேண்டும். எண் குறையக் குறையப் பாகையும் குறைந்து, தூரம் கூடும். என் பழைய ஏழாம் எண் அயர்ன் ஏறத்தாழ 35 பாகை. இன்று மூத்தவர்களுக்கென விற்கப்படும் ஏழாம் எண்கள் பல 30 பாகை அல்லது அதற்கும் குறைவு. ஆகவே “புதிய ஏழு கூடுதல் தூரம் போகிறது” என்று மகிழ்வதில் பொருளில்லை. அது பழைய ஆறுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட மட்டை. இதனால் இன்னொரு சிக்கலும் வந்தது. குறுந்தூரத்துக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் சாய்வான மட்டைகளே வெட்ஜ்கள். என் புதிய பிட்சிங் வெட்ஜ் 44 பாகை, அப்போது வைத்திருந்த சாண்ட் வெட்ஜ் (மணலிலிருந்து அடிப்பதற்கானது) 56 பாகை. இடையிலுள்ள பன்னிரண்டு பாகை இடைவெளியால் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) அருகில் ஓராண்டு முழுவதும் தடுமாறினேன். பின்னர் 50 பாகை வெட்ஜ் ஒன்றைச் சேர்த்ததும் அந்தத் தடுமாற்றம் நீங்கியது. மூன்றாம், நான்காம் எண் அயர்ன்களைக் கைவிட்டு அயர்னும் மரமட்டையும் கலந்த வடிவிலான இரண்டு ஹைபிரிட்டுகளை எடுத்துக்கொண்டேன். பதினான்கு மட்டைகள் வரை விதி அனுமதித்தாலும் என் பையில் பன்னிரண்டுதான் இருக்கின்றன.

தண்டுகளை கிராஃபைட்டுக்கு மாற்றியதே முழங்கைக்குப் பெரிய ஆறுதல். எஃகைவிட எடை குறைவு. அடி பிசகும்போது கைக்கு ஏறும் அதிர்வும் குறைவு. முழங்கை வலி முற்றாக நீங்கிவிட்டதாகச் சொல்லமாட்டேன், ஆனால் வாரம் இரண்டு நாள் விளையாட முடிகிறது.

கொழும்பில் ஆண்டு முழுவதும் உழைக்கும் உறுப்பு மட்டைத் தண்டின் பிடியுறைதான். ஈரக்காற்றிலும் வியர்வையிலும் சாதாரண இரப்பர் பிடி சீக்கிரம் வழவழப்பாகிவிடுகிறது. மட்டை நழுவும் என்று அஞ்சி இறுக்கிப் பிடித்தால் முன்கை முழுவதும் விறைத்து, வலி மீண்டும் தலைகாட்டும். நூல் இழை கலந்த, சற்றே தடித்த பிடிகளைப் போட்டுக்கொண்ட பின்னர் விரல் மூட்டுகளுக்கும் சுகமாக இருக்கிறது. அவற்றைச் சவர்க்காரத் தண்ணீரில் அவ்வப்போது கழுவி, பத்து மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். செலவோடு ஒப்பிட்டால் இதைப்போலப் பயன் தந்த மாற்றம் வேறெதுவுமில்லை. தோல் கையுறை இரண்டே மழைக்காலங்களில் பூஞ்சணம் பிடித்தது. இப்போது செயற்கைத் துணிக் கையுறைகள் மூன்றை மாற்றி மாற்றி அணிகிறேன்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கமாதலால் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவோம். தரை ஊறியிருக்கும் அந்நாட்களில் அடிப்பகுதி அகன்ற, மண்ணுக்குள் புதையாத வெட்ஜே கைகொடுக்கிறது. மைதானத்தின் ஊடாகச் செல்லும் களனிவெளிப் பாதையில் புகையிரதம் வரும்போது அது கடந்து போகும்வரை காத்திருப்பதும் எனக்கு விருப்பமான ஓய்வு.

பையைச் சுமந்து என்னுடன் வரும் கேடியிடம் கற்றதும் நிறைய. பங்கர் எனும் மணற்குழிக்கு முன்னே நான் ஆறாம் எண்ணை உருவிய ஒரு காலையில், “ஐயா, ஆறு வேணாம், ஹைபிரிட்டை எடுங்க, பந்து கொடிக்கிட்டப் போயிரும்” என்றார். பந்து கொடிக்கு அருகில் போய் நின்றது. அன்றிலிருந்து தூரத்தை அவரிடம் கேட்ட பிறகே மட்டையைத் தேர்ந்தெடுக்கிறேன்.

பழைய பையிலிருந்து மாற்றாமல் வைத்திருப்பது பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டர் ஒன்று மட்டுமே. உருட்டி விடுவதற்கு வேகமும் வலிமையும் வேண்டியதில்லை. என் கை அதன் எடையை மறந்திருக்கவுமில்லை. அதற்கும் சென்ற மாதம் தடித்த பிடியொன்றைப் போட்டுக்கொண்டேன்.