கிட் லென்ஸா, 50 மி.மீ பிரைமா? எந்தப் படத்துக்கு எது

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸைக் (18 முதல் 55 மி.மீ வரை ஜூம் ஆகும்; இந்த மி.மீ எண்தான் ஃபோக்கல் லெங்த், அது கூடக்கூடக் காட்சி குறுகி நெருக்கமாகத் தெரியும்) கழற்றி வைத்துவிட்டு ஒரு 50 மி.மீ எஃப்/1.8 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) வாங்கு, படமே மாறிவிடும் என்று யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். மாறும்தான். ஆனால் எந்த மாதிரிப் படம் மாறும் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், காசு போட்டு வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியதே அதுதான். நான் இங்கே பேசுவது கேனான் 1500டி, நிக்கான் டி3500 மாதிரி ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராக்களைப் பற்றி.

முதலில் வெளிச்சம். கல்யாண மண்டபத்தில் கிட் லென்ஸை 55க்கு நீட்டினால் அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது) எஃப்/5.6க்கு மேல் திறக்காது. 50 மி.மீ-யோ எஃப்/1.8 வரை திறக்கும், அதாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டுகிறது என்ற அளவு) 6400 வைத்து முகமெல்லாம் புள்ளி புள்ளியாக வருகிற அதே படத்தை, அதே ஷட்டர் ஸ்பீடில், 50-ல் ஐஎஸ்ஓ 640 வைத்தே எடுத்துவிடலாம். மேடைக்குப் பக்கத்தில் ஓடுகிற குழந்தையை உறைய வைக்க 1/250 நொடியாவது வேண்டும், அந்த இடத்தில் கிட் லென்ஸ் போட்டிக்கே வராது.

ஆனால் எதுவும் அசையாத இடத்தில் கதை தலைகீழ். கோயில் மண்டபத்துத் தூண்களை எடுக்கிறீர்கள், டிரைபாட் வைக்க விடமாட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கிட் லென்ஸ்களில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது (கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர் என்று லென்ஸ் மேலேயே எழுதியிருக்கும், உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்). விலை குறைந்த 50-களில் அது கிடையாது, ஷட்டர் 1/80 நொடியைவிட மெதுவானால் ஆட்டம் தெரிய ஆரம்பிக்கும். கிட் லென்ஸை 18-ல் வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, 1/8 நொடி வரைக்கும் போகலாம். அங்கே அபெர்ச்சர் எஃப்/3.5தான், 50-ஐவிட நாலில் ஒரு பங்கு வெளிச்சம், ஆனால் ஷட்டர் பத்து மடங்கு நேரம் திறந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் கிட் லென்ஸ்தான் முந்துகிறது!

இடம் போதுமா என்பது அடுத்த கேள்வி. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி உயரம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும், அதை அடியிலிருந்து உச்சி வரை 50-ல் அடக்க ஏறக்குறைய 140 மீட்டர் பின்னால் போக வேண்டும். 18-ல் 35 மீட்டர் போதும். வீட்டுக்குள் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேரை நிற்க வைத்து எடுக்கும்போதும் இதே கஷ்டம்தான், 50-ஐ மாட்டினால் முதுகு சுவரில் இடிக்கும்.

சரி, பின்னணி மங்கலாவது? இதற்காகத்தான் பெரும்பாலானவர்கள் 50 கேட்கிறார்கள், அதில் 50க்குத்தான் வெற்றி, மறுக்கவே முடியாது. ஆனால் கிட் லென்ஸிலும் ஓரளவு கிடைக்கும், அதைச் சரியாகப் பயன்படுத்தினால். எஃப்/3.5 சின்ன எண் என்பதால் 18-லேயே நின்று எடுக்கிறார்கள், அது பலன் தராது. 55க்கு நீட்டுங்கள், எஃப்/5.6 ஆனாலும் பரவாயில்லை, ஆளுக்கு நெருங்கிப் போங்கள், ஆளைச் சுவரிலிருந்து நன்றாக முன்னால் தள்ளி நிறுத்துங்கள். 55-ல் லென்ஸின் திறப்பு சுமார் 10 மி.மீ அகலம், 18-ல் 5 மி.மீ தான், மங்கல் அதைப் பொறுத்துத்தான் வருகிறது. 50 எஃப்/1.8-ல் அதே திறப்பு 28 மி.மீ, அதனால்தான் அந்த அழகு.

அந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் ஃபோகஸில் நிற்பது மூன்று செ.மீ.கூட இல்லை, கண் கூர்மையாக இருக்கும், காது கரைந்திருக்கும். ஃபோகஸ் பாயின்ட்டை கேமராவே தேர்ந்தெடுக்க விடாதீர்கள், நீங்களே கண்ணின் மேல் வையுங்கள். இரண்டு பேர் நின்றால் எஃப்/4க்கு மாறுங்கள். பகல் வெளிச்சத்தில் எஃப்/8 வைத்து எடுத்தால் இந்த இரண்டு லென்ஸ் படங்களையும் பிரித்துச் சொல்வது கஷ்டம், அதற்காக மட்டும் காசு செலவழிக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால், கிட் லென்ஸில் எடுத்த பழைய படங்களைத் திறந்து உங்களுக்குப் பிடித்தவை எந்த ஃபோக்கல் லெங்த்தில் எடுத்தவை என்று பாருங்கள், படத்தின் விவரங்களிலேயே இருக்கும். 50-ஐ ஒட்டி, அதுவும் வீட்டுக்குள் மனிதர்களாக இருந்தால் தயங்காமல் 50 வாங்குங்கள். 30-40க்குள் குவிந்திருந்தால் 35 மி.மீ எஃப்/1.8 தான் உங்களுக்குச் சரி, நிக்கானில் டிஎக்ஸ் (ஏபிஎஸ்-சி கேமராக்களுக்கான) வகையிலேயே ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 18-24 என்றால் கிட் லென்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நிக்கான்காரர்கள் செகண்ட் ஹேண்டில் 50 மி.மீ எஃப்/1.8டி மலிவாகக் கிடைக்கிறது என்று பாயாதீர்கள். டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அந்த லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, எஃப்/1.8ஜி என்று கேட்டு வாங்குங்கள்.