டென்டல் அசிஸ்டன்ட் படிப்புக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனில், அதிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடிக்கப்போகும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள். புரட்டாசி வந்துவிட்டது. போன புரட்டாசியில் கோயில் வாசலில் நோட்டீஸ் கொடுத்த அதே ஆள் இந்த வருடமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

என் தங்கை மகள் அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் சேர்ந்தாள். "ஆறே மாதத்தில் டென்டல் அசிஸ்டன்ட் டிப்ளமோ, வேலை உறுதி" என்று போட்டிருந்தது. கொடுத்தவர் நம்மவர், தமிழில் அழகாகப் பேசினார். "பல்கலைக்கழகம் என்றால் மூன்று வருடம் ஆகும் அக்கா, அதற்கும் இடம் கிடைக்காது. இங்கே பிள்ளை சீக்கிரம் சம்பாதிக்க ஆரம்பித்துவிடும்" என்றார். தங்கை தையல் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். எல்லாம் சேர்த்து 24,000 ரேண்ட்.

அவர் சொன்னது பச்சைப் பொய். டென்டல் அசிஸ்டிங் என்பது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடப் படிப்பு, ஹையர் சர்டிபிகேட். கேப் டவுனில் கேப் பெனின்சுலா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஆறே மாதத்தில் முடியும் என்று காட்டி, ஒன்றுக்கும் உதவாத காகிதத்தை விற்றிருக்கிறார்கள்.

ஏன் உதவாது? இந்த நாட்டில் டென்டல் அசிஸ்டன்டாக வேலை செய்ய வேண்டுமானால் பிரிட்டோரியாவில் இருக்கும் சுகாதாரத் தொழில்முறை மன்றத்தில், அதாவது எச்.பி.சி.எஸ்.ஏ.வில், பெயர் பதிவாகியிருக்க வேண்டும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மன்றம் ஏற்றுக்கொண்ட படிப்பைப் படித்தவருக்குத்தான் பதிவு. படிக்கும்போதே மாணவியாகவும் பதிவு செய்ய வேண்டும். என் தங்கை மகள் படித்த காலம் முழுவதும் இந்த மன்றத்தின் பெயரை ஒருவர்கூட வகுப்பில் சொல்லவில்லை. அங்கே பாடம் எடுத்தவர்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு அறை, ஒரு பல் நாற்காலி. அந்த நாற்காலிக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை. வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாய் காய்ந்துபோய்த் தொங்கிக்கொண்டிருக்கும். கருவிகளை ஆவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ், வந்த அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. டென்டல் அசிஸ்டன்ட் வேலையில் பாதி அந்த இயந்திரத்தோடுதான். கருவியைக் கழுவி, காயவைத்து, பையில் போட்டு ஒட்டி, 134 டிகிரியிலோ 121 டிகிரியிலோ அதற்குரிய நேரம் வைத்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்களே தவிர, பிளக்கில் சொருகிப் பார்த்ததில்லை.

'பிராக்டிகல்' என்று சொல்லி ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே இவளுக்குக் கொடுத்த வேலை, நோயாளியின் வாயிலிருந்து எடுத்த கருவிகளை மெல்லிய கையுறையோடு கழுவுவது. ரத்தம் படும் வேலைக்குப் போகும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மூன்று டோஸ், முடிய ஆறு மாதம் ஆகும். இந்தப் பிள்ளைகளில் யாரிடமும் ஊசி போட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 18 வயதுப் பிள்ளைகள்!

படிப்பு முடிந்ததும் இசிப்பிங்கோவில் ஒரு டென்டிஸ்ட் நேர்காணலுக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். நல்ல மனிதர். ஒரு ஸ்டெரிலைஸ் பையை எடுத்து அவள் கையில் கொடுத்து, "இது ஆட்டோகிளேவுக்குள் போய்வந்ததா, இன்னும் போகவில்லையா? பார்த்துச் சொல்லும்மா" என்றார். பையின் மேல் ஒரு சின்ன அடையாளம் இருக்கும், ஆவி பட்டால் நிறம் மாறும். அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படி ஒன்றை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கையில் வாங்குகிறாள். அப்புறம் அவர் பதிவு எண்ணைக் கேட்டார். இல்லை என்றதும், டிப்ளமோவைப் பார்க்காமலே மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பதிவு இல்லாத ஆளை வைத்தால் மன்றத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும்மா. உன்மேல் தப்பில்லை" என்றார். வெளியே வந்ததும், "பெரியம்மா, அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றாள். தங்கையிடம் நான்தான் சொன்னேன்.

கல்லூரிக்குப் போய்க் கேட்டோம். அலுவலகத்துப் பெண்மணி ஃப்ரேம் போட்ட ஒரு சான்றிதழைக் காட்டி, "பாருங்கள், நாங்கள் அரசாங்கத்தில் பதிவு செய்தவர்கள்" என்றார். உற்றுப் பார்த்தால் அது கம்பெனி பதிவு. சலூன் வைப்பவருக்கும் ஹார்டுவேர் கடைக்காரருக்கும் கிடைப்பது அதே சான்றிதழ்தான். தனியார் கல்லூரி உயர்கல்வி நடத்த வேண்டுமானால் உயர்கல்வித் துறையில் பதிவு வேண்டும், அந்தப் படிப்புக்குத் தனியாக அங்கீகாரமும் வேண்டும். "மன்றத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். எங்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். விண்ணப்பித்ததற்கு ஒரு கடிதம் காட்டுங்கள் என்றேன், காட்டவில்லை.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மன்றத்துக்கே ஃபோன் செய்து அல்லது மெயில் அனுப்பி, கல்லூரியின் பெயரைச் சொல்லி, "இந்தப் படிப்பை முடித்தால் என் பிள்ளையைப் பதிவு செய்வீர்களா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். மன்றத்தில் பதிவானவர்களின் பெயர்ப் பட்டியல், ஐ-ரெஜிஸ்டர், இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. எங்களிடம் படித்த இன்னாருக்கு வேலை கிடைத்தது என்று கல்லூரியில் பெயர் சொன்னால், அந்தப் பெயர் பதிவில் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

கோயில் வாசலிலோ வீட்டுக்கு வந்தோ பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டார்களா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அப்படித் தேடி வந்து செய்த ஒப்பந்தத்தை 5 வேலை நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு இது தெரியவரும்போது அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது.

இப்போது 14 நாள் கெடு கொடுத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி கடிதம் அனுப்பியிருக்கிறோம். தராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்கு (ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்) போகிறோம். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நாமே பேச வேண்டும். உச்சவரம்பு 20,000 ரேண்ட் என்பதால் மீதி 4,000 ரேண்டை விட்டுக்கொடுக்கிறோம். பரவாயில்லை.

தங்கை மகள் சி.ஏ.ஓ., அதாவது மத்திய விண்ணப்ப அலுவலகம், வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டாள். அது வழக்கமாக செப்டம்பர் கடைசியோடு முடிந்துவிடும், உங்கள் பிள்ளைகளும் தள்ளிப்போடாமல் இப்போதே போடட்டும். அதே கல்லூரியில் பணம் கட்டிய வேறு குடும்பங்கள் இருந்தால் ரசீது, வங்கிக் கணக்கு விவரம், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அந்த நோட்டீஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எனக்குச் செய்தி அனுப்புங்கள். கடிதம் எழுத நான் கூட உட்காருகிறேன்.