ஹிட்ஸ்கேனா, ப்ரொஜெக்டைலா? எந்த கேம் யாருக்கு

துப்பாக்கி சுடுற கேம்கள்ல குண்டைக் கணக்கு போடுற விதம் ரெண்டு இருக்கு: ஹிட்ஸ்கேன், ப்ரொஜெக்டைல். ரெண்டுல எந்த வகை கேம்ல டைம் போடலாம்னு நிறைய பேர் குழம்புறாங்க. ஹிட்ஸ்கேன்ல குண்டுன்னு ஒண்ணு பறக்கவே பறக்காது, ட்ரிகர் அழுத்துன நொடியே கேம் ஒரு நேர்கோடு போட்டு எதுல படுதுன்னு பாத்துடும். கவுண்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் எல்லாம் இப்படித்தான். ப்ரொஜெக்டைல்ல குண்டு நிஜமாவே பயணம் பண்ணும், கீழயும் இறங்கும். பப்ஜி, ஆர்மா 3 இந்த வகை.

தூரம்:
ஹிட்ஸ்கேன் – 10 மீட்டரோ 100 மீட்டரோ, திரைல குறி பாக்குற குறுக்குக்கோட்டை ஆள் மேல வச்சா போதும்.
ப்ரொஜெக்டைல் – இங்கதான் விஷயமே இருக்கு. குண்டு நொடிக்கு 715 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வைங்க, 300 மீட்டர் போக 0.42 நொடி ஆகும், காத்துத் தடைய விட்டுட்டாலே அதுக்குள்ள கிட்டத்தட்ட 86 சென்டிமீட்டர் இறங்கிடும், நொடிக்கு 6 மீட்டர் ஓடுறவன் ரெண்டரை மீட்டர் தள்ளிப் போயிருப்பான், அதனால தலைக்குக் குறி வச்சா பட வாய்ப்பே இல்ல, முன்னாடியும் மேலயும் வச்சு சுடணும். அப்படி ஒண்ணு பட்டா வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே நான் விளையாடுறேன்!

கத்துக்க:
ஹிட்ஸ்கேன் – ரீகாயில் கன்ட்ரோல் (சுடும்போது துப்பாக்கி உதறுறத அடக்குறது), ரிஃப்ளெக்ஸ்.
ப்ரொஜெக்டைல் – ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குண்டோட வேகம் வேற, மாசக்கணக்குல ஆகும்.

சர்வர் வேலை:
ஹிட்ஸ்கேன் – கம்மி.
ப்ரொஜெக்டைல் – ஒவ்வொரு குண்டையும் பறக்குற வரைக்கும் கணக்கு போட்டுட்டே இருக்கணும்.

சின்ன மேப், 5க்கு 5 போட்டின்னா ஹிட்ஸ்கேன்தான் நியாயமா இருக்கும். பெரிய மேப்ல ஸ்னைப்பர் ஆசை இருந்தா கண்ண மூடிட்டு ப்ரொஜெக்டைல் எடுங்க.