5.8 வோல்ட் படத்தை நம்பி ஹாட் ஷூவை இழந்தேன்

பழைய ஃபிளாஷ் ஒன்றை வாங்கி டிஜிட்டல் கேமராவில் மாட்டலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரின் படம் ஒன்றை விற்றவர் போட்டிருந்தார், நான் அதை நம்பினேன். கேமராவின் ஹாட் ஷூ, அதாவது மேலே ஃபிளாஷை மாட்டும் இடம், போய்விட்டது. என் மேசை இழுப்பறையிலேயே ஒரு மல்டிமீட்டர் இருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். திட்ட விரும்புபவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

வாங்கியது விவிட்டார் 283. 1970களில் அறிமுகமாகிப் பல ஆண்டுகள் விற்பனையில் இருந்த ஃபிளாஷ். நான்கு பென்சில் பேட்டரி, மேலே திரும்பும் தலை, ஐஎஸ்ஓ 100-ல் 120 அடி கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்). முன்னால் இருக்கும் சென்சார் வெளிச்சத்தைத் தானே அளந்து, போதுமானது வந்ததும் நிறுத்திக்கொள்ளும். கேமராவோடு அது பேச வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் இன்றைய கேமராவிலும் ஆட்டோ வேலை செய்கிறது. இந்த ஃபிளாஷ் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை.

விற்றவர் 'முழுமையாகப் புதுப்பித்தது' என்று போட்டிருந்தார். மூன்று வேலைகள் செய்ததாகச் சொன்னார்: மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் மெயின் கெபாசிட்டரை மாற்றியிருக்கிறார், பேட்டரி தகடுகளைச் சுத்தம் செய்திருக்கிறார், உள்ளே ஒரு சர்க்யூட் வைத்து டிரிகர் வோல்டேஜை, அதாவது ஃபிளாஷ் கேமராவின் ஷூவில் கொண்டுவந்து நிறுத்தும் வோல்டேஜை, டிஜிட்டலுக்கு ஏற்றபடி குறைத்திருக்கிறார். ஆதாரமாக ஒரு படம். ஃபிளாஷின் அடிப்பாகத்தில் மீட்டரின் இரண்டு முனைகள், திரையில் 5.8. நானும் திருப்தியாகிவிட்டேன்.

அந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், விஷயம் இதுதான். ஃபிளாஷுக்குள் மெயின் கெபாசிட்டர் சுமார் 300 வோல்ட்டில் நிறைந்து நிற்கும். பக்கத்திலேயே ஒரு சின்ன டிரிகர் கெபாசிட்டர். ஷட்டர் திறக்கும்போது அது ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகக் காலியாகி, சில ஆயிரம் வோல்ட் துடிப்பு ஒன்றை செனான் குழாய்க்கு அனுப்பும். குழாயில் இருக்கும் வாயு மின்சாரத்துக்கு வழி விடும், வெளிச்சம் அடிக்கும். பழைய ஃபிளாஷ்களில் அந்தச் சின்ன கெபாசிட்டரின் வோல்டேஜ் அப்படியே ஹாட் ஷூவில் வந்து நிற்கும், 200க்கு மேல்கூட. பழைய ஃபிலிம் கேமராவில் ஷூவுக்குப் பின்னால் இருந்தது இரண்டு உலோகத் துண்டுகள். அவற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்று அந்த இடத்தில் இருப்பது ஒரு செமிகண்டக்டர் சுவிட்ச். ஐஎஸ்ஓ 10330 என்ற சர்வதேசத் தரக்குறிப்பு சொல்லும் எல்லை 24 வோல்ட். நிக்கான் தன் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கையேடுகளில் 250 வரை அனுமதிக்கிறது. சில கேமராக்களுக்கு 6 வோல்ட்தான் எல்லை என்பார்கள். ஆக, உங்கள் கேமராவின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஃபிளாஷ் வந்தது. முதல் முறை ரெடி விளக்கு (கெபாசிட்டர் நிறைந்து ஃபிளாஷ் அடிக்கத் தயார் என்று காட்டுவது) எரிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. கையில் பேட்டரிகளின் சூடு தெரிந்தது. புது கெபாசிட்டர் இப்படிச் செய்யாது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். 'ரொம்ப நாள் சும்மா இருந்திருக்கும், போகப் போகச் சரியாகும்' என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கேமராவில் மாட்டினேன்.

சுமார் இருபது படம் அருமையாக வந்தது. அடுத்ததில் ஃபிளாஷ் அடிக்கவில்லை. சரி, பழசுதானே, மக்கர் செய்கிறது என்று கழற்றிவிட்டு, என் வழக்கமான ஃபிளாஷை ஆன் செய்து ஷூவில் நுழைத்தேன். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை, அது பளிச்சென்று ஒருமுறை அடித்தது. அதன்பின் எத்தனை முறை ஷட்டரை அழுத்தினாலும் மௌனம். அர்த்தம் பிறகுதான் புரிந்தது: கேமராவின் சுவிட்ச் மூடிய நிலையிலேயே வெந்துபோயிருக்கிறது. மாட்டியவுடன் ஃபிளாஷ் வெடிக்கும், அப்புறம் டிரிகர் கெபாசிட்டர் நிறையவே முடியாததால் மறுபடி அடிக்காது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்துதான் இழுப்பறையைத் திறந்தேன். புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்த பிறகும் அரை நிமிடம் விட்டு, நடு முனைக்கும் ஓரத் தகட்டுக்கும் இடையே அளந்தேன். 238 வோல்ட்.

அப்படியானால் அந்த 5.8 எங்கிருந்து வந்தது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த லேபிளின் ஓரம் தெரிந்தது, அதில் கொரியா என்ற சொல்லின் பாதி. என் ஃபிளாஷின் லேபிளில் ஜப்பான். 283-ல் பின்னாளில் ஜப்பானுக்கு வெளியே தயாரானவை பெரும்பாலும் பத்து வோல்ட்டுக்குக் கீழேதான் காட்டும், ஆரம்பகால ஜப்பான் தயாரிப்புகள் இருநூறைத் தாண்டும். ஆக, அளந்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று. (இதைப் படித்துவிட்டு லேபிளை மட்டும் பார்த்து வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். லேபிளை நம்புவதும் படத்தை நம்புவது போலத்தான்.)

ஒரே ஃபிளாஷை வைத்துக்கொண்டும் பொய்யான எண் காட்டலாம். அடித்த மறுநொடியே அளந்தால் குறைவாக வரும். தீர்ந்துபோன பேட்டரியோடு அளந்தாலும் அப்படித்தான். பழைய முள் மீட்டரைத் தாழ்ந்த ரேஞ்சில் வைத்தால் அந்த மீட்டரே மின்சாரத்தை இழுத்து வோல்டேஜைக் கீழே தள்ளிவிடும், ஏனென்றால் டிரிகர் சர்க்யூட்டில் மெகா ஓம் கணக்கில் ரெசிஸ்டர் இருக்கும். 10 மெகா ஓம் உள்தடை உள்ள டிஜிட்டல் மீட்டர்தான் வேண்டும். விற்பவரிடம் படம் கேட்காதீர்கள், வீடியோ கேளுங்கள்: லேபிள், ரெடி விளக்கு, மீட்டர் மூன்றும் ஒரே ஷாட்டில், வெட்டு இல்லாமல்.

அடுத்து ஃபிளாஷைத் திறந்தேன். பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பேட்டரியைக் கழற்றிப் பல நாள் ஆனாலும் அந்த மெயின் கெபாசிட்டர் ஆளைத் தூக்கி எறியும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது இன்னொரு முட்டாள்தனம். ஒன்றிரண்டு கிலோ ஓம், பத்து வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட முனைகளோடு பிடித்து மெதுவாகக் காலி செய்து, மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தேன்.

புது கெபாசிட்டரைக் காணோம். பழசுதான், தொழிற்சாலைப் பசை உரியாமல் அப்படியே இருந்தது. அதை மாற்றக்கூட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் சும்மா கிடந்த எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரில் உள்ளிருக்கும் ஆக்சைடு படலம் தேய்ந்திருக்கும், பெரிய ரெசிஸ்டர் வழியாக மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பல நேரம் மீண்டுவிடும். அதையும் செய்யவில்லை. பேட்டரி தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து மேல்பூச்சையே எடுத்திருந்தார், துரு மறுபடி எட்டிப் பார்த்தது. 'உள்ளே வைத்த சர்க்யூட்' இருந்த இடம் வெறும் காற்று. அவர் கை பட்ட ஒரே இடம் வெளியே: 'டிஜிட்டலுக்குப் பாதுகாப்பானது' என்று ஒரு ஸ்டிக்கர்.

எழுதிக் கேட்டேன். முதல் பதில், 'உங்கள் கேமராதான் ஏற்கெனவே பழுது.' இரண்டாவது, 'இவ்வளவு பழைய பொருளுக்கு யார் உத்தரவாதம் தருவார்கள்?' லேபிள் தெரியும் படத்தை அனுப்பினேன். மூன்றாவது பதில் வரவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டார்.

கெபாசிட்டரை இரண்டு நாள் பொறுமையாக ஏற்றி எடுத்தபின் அந்த 283 இப்போது நன்றாகவே அடிக்கிறது. ஆனால் கேமராவில் ஏறுவதில்லை. ஸ்டாண்டில் தனியே நின்று, இன்னொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கும் ஆப்டிகல் ஸ்லேவோடு வேலை செய்கிறது. அந்த ஸ்லேவ் உயர் வோல்டேஜைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்கினேன். ஃபிளாஷைத் தூரத்திலிருந்து அடிக்க வைக்கும் ரேடியோ டிரிகர் வாங்குபவர்களும் இதைப் பாருங்கள், அவற்றுக்கும் எல்லை உண்டு. கேமரா மேலேயே வைத்தாக வேண்டும் என்றால் இடையில் வெயின் சேஃப் சிங்க் போன்ற அடாப்டர் போடலாம். 400 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு கேமராவுக்கு 6க்குக் கீழே கொடுக்கும்.

நேற்று வேறொரு கணக்கிலிருந்து இன்னொரு 283 விற்பனைக்கு வந்திருந்தது. 'முழுமையாகப் புதுப்பித்தது.' கூடவே அதே படம், அதே பாதி லேபிள், அதே 5.8.