பதற்றக்காரிக்கு ஏற்ற கார் வகுப்பு, கிளிநொச்சி
லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடமாகியும் ஏ9 வீதியில் பின்னால் ஒரு லொறி வந்தாலே நெஞ்சு படபடத்து, விரல் விறைத்து, இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றும் எனக்கு, மணித்தியாலக் கணக்கில் பழக்கும் இந்த அண்ணை கிடைத்தது பெரிய விஷயம். பரந்தன் தாண்டி ஆனையிறவுப் பக்கம் கை நடுங்கியபோது, "சிக்னலைப் போட்டு ஓரங்கட்டுங்கோ தங்கச்சி, ஒரு அவசரமும் இல்லை" என்றார்; மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட நீளமாக விட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிய விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்த, பத்து நிமிடத்தில் அடங்கியது. காரில் ஏசி வேலை செய்யாது, வன்னி வெயிலில் அதுவே பாதிப் பதற்றம். சரி, அவர் வைத்தியர் இல்லை; இப்படிப் பதற்றம் அடிக்கடி வந்தால் மனநல கிளினிக்குக்குப் போங்கள், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கும் அழைக்கலாம். போன கிழமை முறிகண்டிப் பிள்ளையாரடிக்குத் தனியாக ஓட்டிப்போய்க் கச்சான் வாங்கி வந்தேன்.